கொடி ஓடும் வழி



கணனி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் தாய்மாரிடம் கைவேலை பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தப்பாமல் வரும். "எல்லாப் பூவேலையும் கணனியிலேயே ஆயத்தமாகக் கிடக்கிறதே, இனிக் கொப்பியில் கீறிப் பழகுவது எதற்கு?" வெள்ளிக் காப்பிலும் பித்தளைத் தட்டிலும் வெற்றிலைப் பெட்டி மூடியிலும் உளியால் வெட்டுகிறார்களே, அந்தக் கொடிச் சித்திரத்தை வைத்தே இம்மாதம் இதற்குப் பதில் தேடுவோம்.

கொடி கீற வேண்டுமானால் முதலில் கொடியைப் பார்க்க வேண்டும். தீவகத்துப் பெண்கள் அதற்காக எந்த வகுப்புக்கும் போகத் தேவையில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்துறைப் பக்கத்துக் கடற்கரை மணலில் படர்வது அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று பழமொழியில் வருகிற அதே அடம்பன்தான். சற்றுக் குனிந்து பாருங்கள். தண்டு ஒன்று முன்னே ஓடுகிறது. கணுவுக்குக் கணு, இந்தப் பக்கம் ஓர் இலை, அடுத்த பக்கம் ஓர் இலை. தண்டோடு தொடர்பில்லாமல் அந்தரத்தில் நிற்கும் இலை ஒன்றுகூட இல்லை. கொடிச் சித்திரத்தின் முதல் விதியும் இதுதான். தண்டை முதலில் ஓட விட வேண்டும். இலையும் பூவும் பிறகுதான். நம் பிள்ளைகள் பூவை முதலில் அழகாகக் கீறிவிட்டுப் பிறகு அதற்கொரு காம்பு தேடுவார்கள். அதனால்தான் படம் ஒட்டுப்போட்ட சட்டைபோல் ஆகிவிடுகிறது.

ஆனால் உலோகத்தில் வெட்டும் கொடி மணலில் கிடப்பதுபோல நீண்டு கிடக்காது. அது சுருளும். பென்சிலை இலேசாகப் பிடித்து, படுத்திருக்கும் ஒரு பாம்பைப் போல நெளிந்த கோடொன்று கீறுங்கள். அதன் நுனியை நத்தை ஓட்டைப் போல உள்நோக்கிச் சுற்றுங்கள். உள்ளே போகப் போக வளைவு சீராக இறுக வேண்டும். நடுவில் சப்பையாகவோ முறிந்தோ போகக் கூடாது. அடுத்த சுருள் முதற் சுருளின் முதுகிலிருந்து பிரிந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றும். முதலாவது வலம் போனால் அடுத்தது இடம். பிரிகிற இடத்தில் இரண்டு கோடுகளும் கொஞ்சத் தூரம் சேர்ந்தே ஓடி மெல்ல விலக வேண்டும். சுவரில் ஆணி அடித்ததுபோல் குத்தென்று நிற்கக் கூடாது. விரல் நுனியால் கீறாமல் முழங்கையிலிருந்து கையை வீசிக் கீறினால் வளைவு தானாக வரும். கீறி முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நேராகப் பார்த்தபோது ஒளிந்திருந்த கோணல் உடனே கண்ணில் குத்தும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த பாடமல்ல. தந்தை வழியில் தமிழரான ஆனந்த குமாரசுவாமி, 1908-இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டிப் பகுதிக் கலைஞர் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்கினார்கள் என்று எழுதியிருக்கிறார். முதற் பாடம் 'வக தெக'. இரண்டு வளைவு என்று பொருள். பூவும் இல்லை, இலையும் இல்லை, வெறும் வளைவு. அது கைக்குப் படிந்த பிறகுதான் 'லியவெல' என்னும் கொடிக்குப் போவார்கள்.

உயிருள்ளவற்றின் உருவத்தைத் தவிர்க்க விரும்பிய முஸ்லிம் கைவினைஞருக்கு இந்தக் கொடி பெரியதொரு மைதானமாக அமைந்தது. கர்நாடகத்தின் பீதர் நகரில் இன்றும் அதைக் காணலாம். துத்தநாகத்தோடு சிறிது செம்பு சேர்த்து வார்த்த கூசாவையோ தட்டையோ மயில்துத்தக் கரைசல் பூசித் தற்காலிகமாகக் கறுப்பாக்குவார்கள். அதன் மேல் கூரிய ஊசியால், பார்த்துக் கீற ஒரு தாளும் இல்லாமல், நேரே கொடி ஓடும். பிறகு உளியால் வெட்டி, அந்தப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை அடித்து இறுக்குவார்கள். கடைசியில் பீதர் கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் நீரில் கலந்து சூட்டோடு பூசினால், பாத்திரம் கரியாகிவிடும். வெள்ளி மட்டும் வெள்ளியாகவே நிற்கும். இவ்வேலையில் ஆயுளைச் செலவிட்ட ஷா ரஷீத் அஹ்மத் காதிரி அவர்களுக்கு 2023-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நம் பக்கத்துக்கு வருவோம். தீவகத்தில் கலியாணம் என்றால் நகைக்கு யாழ்ப்பாணப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். நயினாதீவார் குறிகட்டுவானுக்கு வள்ளம் ஏறி, அங்கிருந்து பண்ணைப் பாலம் தாண்டிக் கஸ்தூரியார் வீதிக்கு வர வேண்டும். பெயரிலேயே தட்டாரை வைத்திருக்கும் தட்டாதெருவும் பட்டணத்தில் உண்டு. அந்தக் கடைகளில் வெட்டிய கொடிகள் பல, தாளில் இருந்ததேயில்லை. ஆசாரியின் கையில் இருந்தன. வெட்டிய பிறகு வாங்கியவரின் காப்பில் இருந்தன. 1990-இல் போர் தீவகத்துக்குள் வந்தபோது மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்ன விடுதலைப் புலிகள், பெண்களின் நகைகளையும் பறித்துக்கொண்டார்கள். பவுண் போனது பெரிய இழப்பு. அதோடு உம்மம்மாவின் காப்பில் ஓடிய கொடியும் போய்விட்டது. பவுணைப் பின்னொரு நாள் உழைத்து வாங்கினவர்கள்கூட, 'அதே வேலைப்பாடு' என்று தட்டானிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நின்றார்கள்.

எனவே உங்கள் வீட்டில் எஞ்சிய பழைய செம்போ தட்டமோ காப்போ இருந்தால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். அதன் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை இறுக்கிப் பிடித்து, மென்மையான பென்சிலைச் சாய்த்து உரசுங்கள். வெட்டின பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். காப்பானால் தாளைச் சுற்றி உரசி விரித்தால் முழு ஓட்டமும் நீளமாகக் கிடைக்கும். பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். யாருடையது, எந்த ஊரில் செய்தது என்று தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

கணனி பயன்படுவது இந்த இடத்தில்தான். உரசியெடுத்த தாளையோ நீங்கள் கீறிய படத்தையோ ஸ்கேன் செய்து, அதன் மேல் கோடு ஓட்டலாம். இன்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசம். கணனியில் வளைவு ஓடும் முறைக்குப் பெயர் தந்தவர் பியர் பெசியே. பிரான்சின் ரெனோ கார்த் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்தவர். 1960-களில் காரின் உடல் வளைவுகளுக்காக இதைப் பயன்படுத்தினார். அம்முறையில் புள்ளிகள் குறையக் குறைய வளைவு ஒழுகும். தானாகப் படியெடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு இருந்தால், அது நூற்றுக்கணக்கில் புள்ளி போட்டுக் கோட்டை நடுங்க வைத்துவிடும். ஒரு சுருளுக்கு நாலைந்து புள்ளி போதும். அந்தப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை யார் சொல்வது? வளைவைக் கீறிப் பழகிய கைதான். ஒரு சுருளைத் திருப்பிப் போட, காப்பின் சுற்றளவுக்குச் சுருக்க, பத்துத் தரம் ஒரே அளவில் அடுக்க, கணனிக்கு நிகர் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆயத்தப் படங்களை இறக்கி ஒட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒரே கொடி கலியாண அழைப்பிதழிலும், கேக் பெட்டியிலும், மணமகளின் காப்பிலும் வந்து நிற்பதைப் பார்க்கிறோமே!

வெட்டக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உளி வெட்டிய கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். பள்ளத்தின் சரிவில் வெளிச்சம் பட்டு மின்னும். லேசரில் மேலோட்டமாகப் போட்ட கோடு ஒரே தடிப்பில் இருக்கும். நாள்தோறும் புளி போட்டு மினுக்கும் பித்தளையில் அது விரைவில் மங்கிவிடும். லேசரில்தான் கொடுப்பதென்றால், எத்தனை தரம் ஓட்டுவார்கள், எவ்வளவு ஆழம் வரும் என்று கேட்டு, அதே உலோகத் துண்டொன்றில் ஒரு சுருளை மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் மிச்சத்தைக் கொடுக்கலாம்.