மாடிப்படியும் சக்கர நாற்காலியும்

வில்லி மாடிப்படியிலிருந்து உருண்டு விழுகிறாள். அடுத்த காட்சியில் சக்கர நாற்காலி. பின்னணியில் சங்கு முழங்குகிறது; கதாநாயகிக்கு நீதி கிடைத்துவிட்டது. தமிழ் நெடுந்தொடர் பார்ப்போருக்கு இக்காட்சி புதிதன்று. தொடர் எழுதுவோரின் அகராதியில் உடற்குறை என்றால் தண்டனை, தவறினால் தியாகம், இரண்டும் இல்லையெனில் கண்கட்டு அவிழும் நாளின் அற்புதம்.

இதை எழுத நம்மைத் தூண்டியவர் நம் வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர். பிறவியிலேயே பார்வையற்றவர்; இரவுச் சாப்பாட்டின்போது வீட்டாருடன் அமர்ந்து தொடர்களைக் 'கேட்பவர்'. "ஐயா, கண் தெரியாதவன் கதையில் வந்தால் ஒன்று பாடுகிறான், இல்லையேல் கடைசியில் பார்வை பெற்றுவிடுகிறான். பருவத்தேர்வு எழுதித்தர ஆள் தேடி அலைகிறவன் ஒருவன்கூட வரவில்லையே?" என்றார். வருவதாகச் சொன்ன ஆள் தேர்வன்று காலையில் வராமற்போனால் என்ன பாடு என்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு வாரத் தொடருக்குப் போதுமான பதற்றம் அது! அம்மாணவருக்கு அறை தர மறுத்த வீட்டுக்காரர் சொன்ன காரணம்: "அடுப்புப் பற்றவைத்தால் வீடே எரிந்துபோகும்." மனிதர் கெட்டவரல்லர். பார்வையற்ற ஒருவர் தேநீர் போடுவதை அவர் வாழ்விலும் கண்டதில்லை, திரையிலும் கண்டதில்லை.

தமிழ் படித்த நமக்கு இதில் கூடுதல் வருத்தம். கால் இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமக்க, வெண்பாவை ஆளுக்குப் பாதியாய்ப் பாடி ஊர்சுற்றியவர்கள் இரட்டைப் புலவர்கள். அவர்களின் தனிப்பாடல்களில் பசி உண்டு, கேலி உண்டு, கடவுளையே வம்புக்கிழுக்கும் துடுக்கும் உண்டு. அந்தத் துடுக்கு நம் தொடர்களில் எவருக்கும் வாய்க்கவில்லை.

திரைக்கு வழி தெரியாமலில்லை. '16 வயதினிலே' (1977) படத்தில் ஊரே சப்பாணி என்றழைப்பவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்றொரு பெயர் உண்டு. இனிச் சப்பாணி என்பவனை அறைந்துவிடு என்கிறாள் மயில். அவன் மனிதனாக நிமிரும் இடம் அது. ஆயினும் அங்கும் நடித்தவர் உடற்குறையில்லாத நட்சத்திரமே. அமெரிக்காவில் 2008 முதல் 2013 வரை ஒளிபரப்பான 'பிரேக்கிங் பேட்' தொடரில் நாயகனின் மகனாக நடித்த ஆர்.ஜே. மிட்டே, அப்பாத்திரத்தைப் போலவே பெருமூளை வாதம் உள்ளவர். ஊன்றுகோலோடு வருகிறான், காலையுணவு உண்கிறான், தந்தையோடு முரண்படுகிறான். பிபிசியின் 'சைலன்ட் விட்னஸ்' தொடரில் லிஸ் கார், 2013 முதல் 2020 வரை சக்கர நாற்காலியிலிருந்தபடியே தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். எவரும் அவரைப் படியில் உருட்டிவிடவில்லை.

'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் பற்றிய வழக்கில், 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றமும் நெறிகள் வகுத்தது: இழிவான சொற்களைத் தவிர்க்க வேண்டும், சித்திரிக்கும்முன் அவர்களையே கலந்து பேச வேண்டும். சொல்லைப் பொறுத்தவரை நாம் முந்திவிட்டோம். ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளி ஆகிவிட்டார். வில்லி மட்டும் அதே படியிலிருந்துதான் விழுகிறாள்.

கதாநாயகன் வேடம்கூட இப்போதைக்கு வேண்டாம். எதிர்வீட்டுக்காரராக, வங்கி எழுத்தராக, காய்கறிக்காரரிடம் பேரம் பேசி வம்பு வளர்க்கும் அத்தையாக ஒருவர் வரட்டும். நிஜமாகவே சக்கர நாற்காலியில் வாழ்பவர் அவ்வேடத்தை ஏற்கட்டும். அந்த அத்தை கடைசி வாரத்தில் எழுந்து நடக்கவும் வேண்டாம்.