மேல்வீட்டு பால்கனி யாருடையது?

எங்கள் குடியிருப்பின் அசோசியேஷன் கூட்டத்தில் இந்த முறை ஒரே விவாதம். பால்கனி ரிப்பேரைப் பொதுச்செலவில் சேர்க்கலாமா? "என் பால்கனியை நான் பார்த்துக்கொள்கிறேன் சார். அடுத்தவர் பால்கனிக்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்றார் இரண்டாம் மாடி நண்பர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை.

அறையின் தளத்தைச் சுற்றிலும் சுவரோ பீமோ தாங்குகிறது. பால்கனி பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, நீட்டிய கை மாதிரி வெளியே நிற்கிறது. அதைத் தாங்கும் முக்கியமான கம்பி, தளத்தின் மேல்பக்கம், டைல்ஸுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். மழைத்தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சென்னையில் கடற்காற்றின் உப்பு வேறு. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, "பூச்சு நன்றாகத்தானே இருக்கிறது" என்று திருப்திப்பட முடியாது.

2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடி இடிந்தது. விரிசலைக் கண்டு முன்பே வெளியேறியதால் மக்கள் உயிர் பிழைத்தார்கள். பால்கனியில் அந்த விரிசலைத்தான் நாம் டைல்ஸ் போட்டு மூடிவிடுகிறோம். பழைய டைல்ஸ் மேலேயே புதியது, அதன் மேல் சிமென்ட் தொட்டி, வாஷிங் மெஷின். தண்ணீர் போகும் துளையில் காய்ந்த இலை!

நம்மில் பலருடைய பிள்ளைகள் இருக்கும் கலிபோர்னியாவிலும் இது நடந்தது. 2015 ஜூனில் பெர்க்லி நகரில், ஈரத்தில் உளுத்துப்போன மரத்தாலான பால்கனி உடைந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே வாடகைக் குடியிருப்புகளின் மர பால்கனிகளையும் உயரத்து நடைபாதைகளையும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சட்டம் வந்தது.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன் துளைகளைச் சுத்தம் செய்வோம். பால்கனியிலும் பொதுக் காரிடாரிலும் கைப்பிடிக் கம்பி தளத்தோடு சேரும் இடத்தை அசைத்துப் பார்ப்போம். பேரப்பிள்ளைகள் சாய்வது அதில்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுவோம்.

செலவு? பென்ஷன்காரர்களிடம் திடீரென்று லட்ச ரூபாய் கேட்டால் எங்கே போவது? மாதாமாதம் சிறு தொகை சேர்த்து வைப்பதே நமக்குக் கட்டுப்படியாகும். மேல்வீட்டு பால்கனி பத்திரத்தில் அவருடையதாக இருக்கலாம். விழுந்தால் அது கீழே நடப்பவர் தலையில்தான் விழும். அதனால் அது எல்லோருடைய செலவுதான்.

போன வருடம் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க எல்லோரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். உயிரைக் காக்க மட்டும் ஏன் இவ்வளவு கணக்கு?