ஒரு நாள் விழாவா? இரண்டாண்டுப் பாடமா?

வரும் பொங்கலையொட்டித் தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென "இசை நாள்" ஒன்று நடத்தலாம் என்று நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் பேச்சு எழுந்தது. மேடை, ஒலிபெருக்கி, இனிப்புப் பொட்டலம், பாடகர் ஒருவர், படமெடுக்க ஒருவர் என்று பட்டியலும் தயாராகிவிட்டது. நோக்கம் நல்லது, அதில் ஐயமில்லை. ஆயினும், அந்த ஒரு நாளால் பயன் யாருக்கு? பிள்ளைகளுக்கா, நமக்கா? இதைக் கேட்பது உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமை.

முதலில் வழக்கமான ஒரு தடையைத் தீர்த்துக்கொள்வோம். "குழாயடியில் குடத்தோடு நிற்கும் பிள்ளைக்குச் சங்கீதம் எதற்கு? சோறும் கணக்கும் போதாவா?" என்பர் சிலர். அவ்வாறு கேட்பவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் வாரந்தவறாமல் பாட்டு வகுப்புக்குப் போகிறார்கள்! உள்ளவன் பிள்ளைக்குக் கல்வியாக இருப்பது இல்லாதவன் பிள்ளைக்கு மட்டும் ஆடம்பரமாகிவிடுமா? சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்கிறது. ஆகவே நாம் கேட்பது தருமம் அன்று, உரிமை.

அறிவியல் மாணவனாகிய நான் சான்றின்றிப் பேசினால் நண்பர்கள் விடமாட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2001இல் தொடங்கிய ஹார்மனி பிராஜெக்ட் என்னும் அமைப்பு, ஏழைக் குடியிருப்புச் சிறுவர்களுக்கு இசை கற்பித்து வருகிறது. அச்சிறுவர்களை நினா கிராஸ் என்னும் அறிஞரின் குழு ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டது. நெருங்கிய பேச்சொலிகளைப் பிரித்தறியும் மூளையின் திறன் இரண்டாண்டு பயின்றவர்களிடம் மேம்பட்டிருந்தது. ஓராண்டு மட்டும் பயின்றவர்களிடம் அம்மாற்றம் தென்படவில்லை. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ கேட்டு வளரும் தாராவிப் பிள்ளைக்கு, ஒலியைப் பிரித்தறியும் காது எத்துணைப் பெரிய செல்வம்! ஆனால் ஓராண்டே போதாதென்றால், ஒரு நாள் என்ன செய்யும்?

இசை எல்லாக் குறைகளையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. வெனிசுவேலா நாட்டில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய "எல் சிஸ்தேமா" உலகப் புகழ் பெற்றது. குஸ்தாவோ துதாமேல் போன்ற இசைக்குழு நடத்துநர் அதில் உருவானவர். அவ்வியக்கத்தின் 16 மையங்களில் ஏறத்தாழ 3,000 சிறுவர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. கண்ட பயன் சிறிதளவே. அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. அந்த மாநிலங்களில் வறுமையில் வாழ்ந்தோர் சுமார் 47 விழுக்காடு. ஆய்வில் இடம்பெற்ற சிறுவர்களில் ஏழைகளோ சுமார் 17 விழுக்காடுதான். கதவைத் திறந்து வைத்தால் முதலில் நுழைபவன் வசதியுள்ளவனே! ஆகவே வகுப்பு சந்துக்குள்ளேயே நடக்கவேண்டும். தேர்வு வைத்துப் பிள்ளைகளைக் கழிக்கக்கூடாது. கருவி இலவசமாகக் கிடைக்கவேண்டும்.

எதைக் கற்பிப்பது? தம்பூராவைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களை "உயர்த்த"ப் போகிறோம் என்ற நினைப்பு நமக்கு வேண்டா. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பல தலைமுறையாகத் தாராவியில் வாழும் குடும்பங்களுக்குப் பறையின் அடியும் வில்லுப்பாட்டின் மெட்டும் புதியனவா? சென்னைத் தெருக்களின் கானாவும் இழிந்ததன்று. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் "கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு மேடையேறியபோது கானாவும் பறையும் தலைநிமிர்ந்து நின்றதை நாடு கண்டது. பிள்ளை அறிந்த தாளத்திலிருந்து தொடங்குவோம். சரளி வரிசை பின்னால் வரட்டும். சண்முகானந்தா மண்டபம் தாராவியிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே கச்சேரி கேட்க அந்தப் பிள்ளைகளும் ஒரு நாள் போகட்டும். விருந்தினராக அன்று, விவரம் அறிந்த சுவைஞராக.

என் யோசனை இதுதான். இசை நாளுக்கும் நம் ஆண்டுவிழா விருந்துக்கும் ஒதுக்கும் பணத்தை எடுத்து, தாராவியிலேயே வாழும் பறைக் கலைஞர் ஒருவரையும் பாட்டாசிரியர் ஒருவரையும் மாதச் சம்பளத்தில் இரண்டாண்டுக்கு அமர்த்துவோம். நாமே கற்பிக்கலாமே என்பீர்கள். தேர்வு வந்தால் நாம் வரமாட்டோம்; பட்டம் வாங்கினால் ஊரைவிட்டே போய்விடுவோம். பாதியில் விட்டுப்போகும் ஆசிரியரைப் பிள்ளைகள் மறப்பதில்லை. நமக்கு ஏற்ற வேலை வேறு: இடம் தேடுவது, கணக்கு எழுதுவது, சனிக்கிழமைதோறும் முறைவைத்து உடன் நிற்பது, சட்டப்படி வரவேண்டிய கலை ஆசிரியர் எங்கே என்று அருகிலுள்ள பள்ளிகளுக்கு எழுதிக் கேட்பது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடக்கும் இக்காலத்தில், அந்த வரைபடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டறை உண்டா என்றும் கேட்கவேண்டும்.

விருந்து இல்லாத ஆண்டுவிழா சற்றுச் சுவை குறைந்ததாகத்தான் இருக்கும். பொங்கலன்று 90 அடிச் சாலைக்குப் போனால் அங்கே நமக்குப் பொங்கல் கிடைக்காமலா போகும்? அடுத்த பொதுக்குழுவில் இத்தீர்மானம் வருகிறது. நண்பர்களே, கை தூக்குமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: இரண்டாண்டு நிலைத்து நிற்க நமக்கு மனம் உண்டா? இல்லையென்றால் மேடையும் வேண்டா, பொட்டலமும் வேண்டா. உண்டென்றால் இன்றே தொடங்குவோம்.