கத்தியைக் கைமாற்றுவதா சிகிச்சை?

இலங்கை முஸ்லிம்களிடையே பெண் குழந்தைக்குக் கத்னா செய்பவள் ஒஸ்தா மாமி. அவளிடமிருந்து கத்தியைப் பறித்து மருத்துவரிடம் கொடுத்துவிட்டால் தீங்கு நீங்கிவிடும் என வாதிடுவோர் நம்மில் உளர். எகிப்தில் 2013இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி உயிர்நீத்தாளே, அது மருத்துவரிடம்தானே! குருதிப்பெருக்கும் சீழும் தழும்பும் பட்டதாரியின் கையைக் கண்டு விலகுவதில்லை. இதற்குத் திருமறையில் ஓர் ஆயத்தும் இல்லை. அல்அஸ்ஹரில் 2006இல் கூடிய உலமாக்கள் கண்டித்தனர்; இலங்கைச் சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விடுத்து மருத்துவர்களைத் தடுத்தது. மருத்துவர் தேவைப்படுவது முன்னரே வெட்டுண்ட பெண்ணுக்கு. சிறுநீர்க் கடுப்பையும் தாம்பத்திய வேதனையையும் பேறுகால அச்சத்தையும் நாணத்தால் மறைத்து நிற்கிறாளே, அவளிடம் பரிவோடு காரணம் கேட்க எந்த மருத்துவமனையில் எவர் இருக்கிறார்?