கெப்புக்கு ரீமெப் செய்ய முன்



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் டீசல் கெப் வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. 2020இல் நின்ற இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. புதியதன் விலையைப் பார்த்தால், பழைய ஹைலக்ஸுக்கே வலு கூட்ட ஆசைப்படுவது நியாயம்தான்.

ஆனால் ரீமெப் என்றால் டேர்போ காற்றழுத்தத்தையும் டீசலையும் கூட்டுவது. காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால் கறுப்புப் புகை. வலு அளவு மீறினால் கிளச் வழுக்கும்.

ஆகவே அதிக குதிரைவலு சொல்பவரைத் தேடாதீர்கள். பழைய ஃபைலைச் சேமித்துத் தருபவரை, ஈஜீஆரை அடைக்காதவரை, வேலை முடிந்தபின் புகைப் பரிசோதனையில் பாஸாக்கிக் காட்டுபவரைத் தேடுங்கள்.

காலி வீதி நெரிசலில் கூடிய வலுவுக்கு வேலையில்லை. புகையைச் சுவாசிப்பது பாடசாலை விட்டு வரும் நம் பிள்ளைகள்தான்.