மடிநோய்க்கு முதலில் கற்றாழை

இரவு உறை ஊற்றிய பால் விடிந்தும் தயிராகாமல் கிடந்தால் மோரையோ மார்கழிக் குளிரையோ குறை சொல்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் கேனில் கலந்திருந்தால், அதிலுள்ள ஆன்டிபயாடிக் உறைமோரின் நுண்ணுயிர்களையும் விட்டுவைக்காது. காய்ச்சினாலும் அந்த மருந்து முழுதாகப் போவதில்லை.

ஊசி போட்டால் குறிப்பிட்ட நாள்கள் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. சொல்வது எளிது. இரண்டு மாடு வைத்துத் தீவனக் கடன் அடைப்பவருக்கு அந்தப் பாலைக் கீழே கொட்ட மனம் வருமா? சிக்கல் பாலோடு முடிவதும் இல்லை. மாட்டுக்குப் போடும் ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரையாக்சோன்தான் ஆஸ்பத்திரியில் டைபாய்டுக்கும் நிமோனியாவுக்கும் ஏற்றப்படுகிறது. அதற்குப் பழகிய கிருமி தொழுவத்தோடு நிற்காது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019இல் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கென்று கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. தடை சரி, மாற்றாக விவசாயியின் கையில் எதைக் கொடுப்பது?

மடிநோயைப் பொறுத்தவரை பதில் வேலியோரத்திலேயே இருக்கிறது. கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பி, தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் கையிலெடுத்த முறை இது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைக்கும்போது சுண்ணாம்பு பட்டு மஞ்சள் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவக்கும். மடியைக் கழுவி, இருக்கும் பாலை ஒட்டக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதை நீர்க்கக் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். செலவு சொற்பம், உழைப்புதான் அதிகம். அந்தப் பத்து முறையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மறக்கக் கூடாது.

மடி லேசாக வீங்கி, பால் திரியத் தொடங்கும் கட்டத்தில் முதல் சிகிச்சையாக இதையே ஒவ்வொரு கால்நடை மருந்தகமும் சொல்ல வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. மாடு காய்ச்சலில் தீனி எடுக்காமல் படுத்துவிட்டால் பேச்சே வேண்டாம், டாக்டரைக் கூப்பிட வேண்டும். அந்த இடத்தில் ஊசிதான் மருந்து. எத்தனை மாடு பூச்சிலேயே தேறியது, எத்தனைக்கு ஊசி தேவைப்பட்டது என்பதை மருந்தகப் பதிவேட்டில் எழுதி வெளியிடவும் வேண்டும். மூலிகை என்பதற்காகக் கணக்கு கேட்காமல் விடுவது மூலிகைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதைச் சாக்காக வைத்து, ‘இயற்கை ஆன்டிபயாடிக்’ என்று டப்பாவில் அடைத்து மனிதருக்கு விற்பவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்லும் சாறு, ரத்தத்தில் அந்த அளவுக்குச் சேர்வது அரிது. மஞ்சளின் குர்குமினை உடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. மடியின் மேல் பூசுவது ஒன்று, நுரையீரல் தொற்றுக்கு விழுங்குவது வேறு. மலேரியாவை வீழ்த்தும் ஆர்ட்டெமிசினினும் செடியிலிருந்து வந்ததுதான். அதைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் அந்தச் செடியின் இலையைக் கஷாயமாகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. அளவு நிலையாக இராது, குறைந்த அளவோ கிருமியைப் பழக்கிவிடும்.

அரசு உடனே செய்யக் கூடியது ஒன்று உண்டு. கற்றாழை பூசினாலும் ஊசி போட்டாலும், நோய் கண்ட மடியின் பால் கேனுக்குப் போகக் கூடாது. உண்மையைச் சொல்லிப் பாலை நிறுத்துகிறவருக்கு அந்த நாள்களின் பால் பணத்தில் ஒரு பங்கையாவது சங்கம் ஈடாகத் தர அரசு வழி செய்ய வேண்டும். சொல்பவருக்கு நஷ்டம் மட்டுமே மிஞ்சும் என்றால் யார் சொல்வார்கள்?