பொந்துக்கு ஒரு கட்டம்

சாலைக்காக ஒரு மரத்தை வெட்டினால் அதற்கு ஈடாகப் பத்துக் கன்று நட வேண்டும் என்று நம் மாநிலத்தில் ஒரு கணக்கு வழங்கிவருகிறது. கேட்பதற்கு நல்ல கணக்குதான். மளிகைக் கடைக்காரர்கூட இவ்வளவு கொசுறு தரமாட்டார். ஆனால் இந்தக் கணக்கில் மரம் மட்டும்தான் இருக்கிறது, மரத்தில் குடியிருப்பவர்கள் இல்லை.

சித்தன்னவாசலுக்குப் பக்கத்தில் குடியேறிய பிறகு இது எனக்குக் கண்ணெதிரே தெரிகிற விஷயமாகிவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், அன்னவாசல் போகும் வழி. சாலையோரத்தில் மிஞ்சியிருக்கும் பழைய புளியமரங்களின் அடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். முதலில் கிளிகள் கூச்சலோடு வந்து அடையும். அவை அடங்கியதும் ஒரு பொந்திலிருந்து புள்ளி ஆந்தை தலையை நீட்டி, நம்மை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டும். நன்றாக இருட்டிய பிறகு கொடுத்துவைத்தவர்களுக்கு மரநாய் தென்படும். மைனா, பனங்காடை, வௌவால் என்று இன்னும் பல உருப்படிகள் உண்டு. மயில்கள் பொந்தில் வாழ்பவை அல்ல. ஆனால் இரவில் உறங்க அவற்றுக்கு உயரமான மரம் வேண்டும். (மயில் பயிரைத் தின்றுவிடுகிறது என்று விவசாயிகள் கோபப்படுவதும் நியாயமே. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

பொந்து என்பது சும்மா வந்துவிடுவதில்லை. ஒரு கிளை முறிய வேண்டும். முறிந்த இடத்தில் மழைநீர் தங்கி, பூஞ்சை பிடித்து, உள்மரம் இற்றுப்போக வேண்டும். அல்லது மரங்கொத்தி வந்து குடைய வேண்டும். மரங்கொத்தி ஒரு பருவம் குடியிருந்துவிட்டுப் போனபின் கிளியும் மைனாவும் அந்த வீட்டுக்காகச் சண்டை போடும். ஆந்தை புகும் அளவுக்குப் பொந்து பெரிதாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று பத்துக் கன்று அல்ல, நூறு கன்று நட்டாலும், அதில் முதல் பொந்து விழும்போது இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோர் இருக்கப்போவதில்லை. அதுவரை அந்த ஆந்தை எங்கே முட்டையிடும்?

காட்டுக்குப் போகட்டும் என்று சொல்லலாம். இங்கேதான் புதுக்கோட்டையின் தனிப்பட்ட சங்கடம் இருக்கிறது. வரைபடத்தில் இந்த மாவட்டத்தில் காடு உண்டு. நேரில் போய்ப் பார்த்தால் அதில் பெரும்பகுதி தைலமரம். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது 1974இல். திருச்சியிலிருந்து பிரிந்து புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். காகித ஆலைக்காக வளர்க்கும் தைலமரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டிவிடுவார்கள். கிழமாக விடாத மரத்தில் பொந்து ஏது? ஆகவே இந்தப் பக்கத்தில் வயதான மரம் என்று தேடினால் மூன்று இடங்கள்தான்: அய்யனார் கோயில்காடு, கண்மாய்க் கரை, சாலையோரம். சாலையோர மரங்கள் நமக்கு நிழல். அவற்றுக்கு அதுதான் ஊர்.

திருச்சி–மதுரைச் சாலை நான்குவழியானபோது விராலிமலைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகும் சாலையை அகலமாக்கியபோதும் அதே கதைதான். பேருந்துக்குள் குளிர்ச்சியாகப் பச்சை இருட்டு விழும் இடங்கள் இருந்தன. இப்போது சன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. நடுவில் உள்ள தடுப்பில் அரளி பூத்திருக்கிறது. அரளியை ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, அழகாகவும் இருக்கும். அதில் ஆந்தைக்கு ஒன்றுமில்லை.

பெரிய காடு, பெரிய விலங்கு என்றால் சட்டம் விழித்துக்கொள்கிறது. பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை. திம்பம் மலைப்பாதையில் 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுக் கட்டுப்பாடு வந்தது. மத்தியப் பிரதேச–மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் காட்டு வழியாகப் போகும் நெடுஞ்சாலையைப் புலிகள் கீழே நடந்து போகும்படி தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். புள்ளி ஆந்தைக்காக யார் நீதிமன்றம் போவார்கள்? தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கே, 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், இருக்கிற தடத்தில் 40 மீட்டருக்கு மேல் கூடுதல் அகலமும் எடுத்தால்தான் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2013இல் விதியைத் திருத்திவிட்டார்கள். அன்னவாசல் சாலை போன்றவை அந்த விதியின் வாசலுக்கே போகாது.

சித்தன்னவாசல் குன்றுக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளமும் அன்னமும் மீனும் யானையும் எருமையும் தீட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம், காவலாளி போட்டுக் காப்பது சரிதான். ஓவியத்து அன்னத்துக்கு 300 மீட்டர் கிடைக்கிறது, வாசலில் உள்ள புளியமரத்துக் கிளிக்கு மூன்று மீட்டர்கூடக் கிடையாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அலுவலகக் கோப்புகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் புழங்கியவன் நான். மரம் வெட்டும் கோப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். வரிசை எண், மரத்தின் பெயர், சுற்றளவு, உயரம், மதிப்பு, ஏலத்தொகை. புளியமரம் என்றால் மகசூல் ஏலம் வேறு வரும். ஆக, பழத்துக்குக் கணக்கு உண்டு, விறகுக்குக் கணக்கு உண்டு. எழுதுகிறவர் கெட்டவர் அல்லர். படிவத்தில் கட்டம் இல்லாததை எந்தக் குமாஸ்தாவும் எழுதமாட்டார். கட்டம் இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அங்கே தெற்குப் பகுதிச் சாலைகளில் இருபுறமும் பிளத்தான் மரங்கள் வரிசையாக நிற்கும். கார்கள் மோதி ஆட்கள் சாகிறார்கள் என்று அவற்றை வெட்டத் தொடங்கியபோது, 1970 ஜூலையில் குடியரசுத் தலைவர் பொம்பிதூ தம் பிரதமர் ஷபான்-தெல்மாஸுக்கு, வெட்டாதீர்கள் என்று கடிதம் எழுதினார். இத்தனைக்கும் அவர் சாலைக்கு எதிரி அல்லர். பாரிஸில் ஆற்றங்கரை விரைவுச் சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2016இல் அந்த நாடு ஒரு படி மேலே போய், சாலையோர மர வரிசைகளை வெட்டுவதையே பொதுவாகத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. ஆபத்து, நோய், திட்டத் தேவை என்று காரணம் காட்டினால்தான் விலக்கு. அந்தச் சட்டம் மரத்தை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் வரிசையாகப் பார்க்கிறது. மரநாய்க்கும் அப்படித்தான். ஒரு மரம் போதாது, கிளையோடு கிளை தொட்டுக்கொண்டு வரிசை வேண்டும்.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல சாலையுள்ள ஊரில் உட்கார்ந்து சொல்கிறார்கள். புதுக்கோட்டையில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு நம் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கும் நெஞ்சுவலிக்கும் அங்கேதான் ஓடுகிறோம். 108 வண்டி லாரிக்குப் பின்னால் ஒலியெழுப்பிக்கொண்டே ஊர்வதை நானும் பார்த்திருக்கிறேன். வளைவில் மரத்தில் மோதி இறந்த பையன்களின் வீடுகளுக்கும் போயிருக்கிறேன். அந்த வளைவில் மரம் போகத்தான் வேண்டும்.

ஆனால் இரண்டு பக்கமும் போக வேண்டுமா? ஒரு பக்க வரிசையை விட்டுவிட்டு மறுபக்கம் மட்டும் அகலப்படுத்துவது பொறியாளர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல. நிலம் எடுக்கும் செலவு கூடும் என்பார்கள், கூடட்டுமே. வெட்டியே தீரவேண்டிய மரத்தையும், தையிலிருந்து சித்திரைவரை, குஞ்சு பொரிக்கும் காலத்தில் தொடாமல் இருக்கலாம். அடியோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதாகச் சிலர் பெருமை பேசுகிறார்கள். பெயர்ப்பதற்கு முன் கிளைகளை மொட்டையடித்துவிடுகிறார்கள். பொந்து இருந்ததே அந்தக் கிளையில்தான். வெட்டிய அடிமரங்களில் பொந்துள்ள சிலவற்றையாவது ஏலத்தில் விடாமல், கண்மாய்க் கரையிலோ கோயில்காட்டிலோ நட்டுவைத்துப் பார்க்கலாம். பட்ட மரத்துக்கும் குடி வரும்.

2021இல் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைத்தார்கள். அரசு நிலத்தில் மரம் வெட்ட வேண்டுமென்றால் கோப்பு அந்தக் குழு வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் குழு தன் படிவத்தில் இரண்டே கட்டம் சேர்த்தால் போதும்: பொந்து உண்டா, அதில் யார் இருக்கிறார்கள். நிரப்புவதற்கு அதிகாலை ஒருமுறை, அந்தி ஒருமுறை மரத்தடியில் நிற்க வேண்டியிருக்கும். வனவருக்கு நேரமில்லை என்றால் அன்னவாசலில் வேலையற்ற கிழவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். நாற்காலி நாங்களே கொண்டுவந்துவிடுவோம்.